தெற்குக் கொட்டகையில் கேட்ட குரல்

மகாராஜன் மாலை ஐந்தரைக்கு வேலைக்கு வந்தபோது, போடி மலையிலிருந்து மேகம் இறங்கி அந்தச் சின்ன விமான நிலையத்தின் பாதியை மூடியிருந்தது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை. மகள் பவித்ரா மூன்று மாதக் கைக்குழந்தையோடு ஆறரை மணி விமானத்தில் சென்னையிலிருந்து வருகிறாள். பேரனை அவர் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

அங்கே ஓடுபாதை ஒன்றுதான். வடக்கே பயணிகள் கட்டடம். தெற்கே விமானப்படையின் ரிசர்வ் தளம். வருஷத்துக்கு இரண்டு முறை பயிற்சிக்கு ஆள் வரும், மற்ற நாளெல்லாம் அங்குள்ள பெரிய கொட்டகை பூட்டியே கிடக்கும். விமானம் இறங்குமுன் வெடி போட்டு மயில்களை விரட்டி, பாதை காலி என்று வாக்கிடாக்கியில் சொல்வது மகாராஜனின் சோலி.

ஜீப்பை ஓட்டிய காசிமாயன், அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்வதையே அன்றும் சொன்னான்.

"அண்ணே, அந்தக் கொட்டகையில இருந்து யாரு கூப்பிட்டாலும் வாயத் தெறந்துராதீக."

"பூட்டிக் கெடக்கிற கொட்டகையில எவன்டா கூப்பிடப் போறான்? நீ போய்ச் சோலியப் பாரு."

அவரைத் தெற்கு ஓரத்தில் இறக்கிவிட்டு, நாய் விரட்ட மறுகோடிக்குப் போனான். மேகம் சுற்றிலும் அடைத்துக்கொண்டது. நனைந்த தார்ப்பாய் வாடையும், அதற்கடியில் ஏதோ அழுகிய வாடையும் வந்தன. ஒரு மயிலும் அகவவில்லை.

"ஆளிருக்கா?"

கொட்டகைக்குள்ளிருந்துதான்.

மகாராஜன் தேவாரம் ஊர்த் தோட்டங்களில் இருபது வருஷம் யானைக்காவல் இருந்த மனிதர். பக்கத்துக் காவல் பரணிலிருந்து இப்படிக் கேட்டால் உடனே பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆளை யானை அடித்துவிட்டது என்று பந்தம் கொளுத்திக்கொண்டு ஓடிவருவார்கள். அந்தப் பழக்கம் அவரை யோசிக்க விடவில்லை.

"இருக்கேன்," என்றார்.

உள்ளே யாரோ மூச்சை இழுத்தார்கள். நீளமாக, ஆசையாக.

அவர் காசிமாயனைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

வெறும் காற்றுதான் வந்தது.

வாக்கிடாக்கியில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கேட்டது: "மகாராஜன், பாதை காலியா?"

அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதில் மட்டும் போனது.

"காலிதான் சார். வெரசா எறக்குங்க."

அவருடைய குரல். தேவாரத்து இழுப்புக்கூட மாறவில்லை.

விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. அவர் குலசாமியை மனசுக்குள் கும்பிட்டபடி பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. சக்கரங்கள் தரை தொட்டு ஓடி வடக்கே திரும்பின. ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். குரல் போனால் போகட்டும், பிள்ளைகள் நல்லபடியாக வந்துவிட்டார்கள்.

காசிமாயன் மேகத்தில் தடவித் தடவி ஜீப்போடு வந்து சேர அரைமணி நேரம் ஆயிற்று. அவர் ஏறும்போது கைப்பேசி அடித்தது.

"அப்பா, நீங்க போன்ல சொன்னபடியே ஆட்டோ பிடிச்சு மிலிட்டரி கேட்டுக்கு வந்துட்டோம். கொட்டகைக் கதவு தெறந்துதான் இருக்கு. உள்ள ஒரே இருட்டா இருக்கேப்பா, எங்க இருக்கீக?"

மகாராஜன் கத்தினார். நரம்பு புடைத்ததே தவிரச் சத்தம் வரவில்லை. காசிமாயன் கைப்பேசியைப் பிடுங்கினான்.

"பவித்ரா, உள்ள போகாத! வெளிய வா!"

அவள் காதில் அது விழவில்லை. மகாராஜனின் குரல் குறுக்கே வந்தது.

"இங்கதான் இருக்கேன் ஆத்தா. பிள்ளையக் கொண்டா."

இணைப்பு அறுந்தது.

ஜீப்பைக் கொட்டகை வாசலுக்கு விரட்டினார்கள். ஆட்டோ மட்டும் ஆளில்லாமல் நின்றது. கதவில் பூட்டு தொங்கியது. பல மாதத்துத் துரு, சிலந்தி வலைகூட அறுபடவில்லை.

மகாராஜன் இரும்புக் கதவில் காதை வைத்தார்.

உள்ளே அவர் பேரன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். அவருடைய குரல் அவனைத் தாலாட்டிக்கொண்டிருந்தது.