பயம் சுரக்கும் கட்டி

பட்டப்பகலில் ஜன்னல்களை எல்லாம் யாரோ துணி வைத்து அடைத்திருந்தார்கள். கும்மிடிப்பூண்டி உருக்காலைப் புகைக்குப் பயந்துகூடப் பிரின்சி அப்படி அடைத்ததில்லை. மெழுகுவத்திப் புகையும் தேங்காய் எண்ணெய் வாசனையும் கலந்து மூச்சை முட்ட, ஃபேனை நிறுத்திவிட்ட அந்தக் கூடத்தின் நடுவில் பாய் விரித்திருந்ததைப் பார்த்ததுமே அவள் அலமாரியில் மாத்திரையைத் தேடினாள்.

"இன்னாங்க இது? என் மாத்திர எங்க?"

புருஷன் எட்வர்ட் குனிந்து பாயின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தான். அவன் அக்கா ஹெலன்தான் கதவைத் தாழிட்டுக்கொண்டே சொன்னாள்.

"உபவாச ஜெபத்துல மாத்திர இன்னாத்துக்கு? சாக்கடைல போட்டுட்டேன்."

சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பியில் பிரின்சிக்குக் கட்டி. அதுதான் நினைத்தபோதெல்லாம் பயத்தை ரத்தத்தில் கொட்டுகிறது என்று டாக்டரம்மா படம் போட்டே காட்டியிருந்தாள். மாத்திரையால் ரத்த அழுத்தத்தை அடக்கிய பிறகுதான் அறுத்தெடுக்க முடியும். அதுவரை வயிற்றை யாரும் அமுக்கவே கூடாது, உயிர் போய்விடும். எல்லாவற்றையும் பிரின்சி எட்வர்டிடம் சொல்லியிருந்தாள். அந்த மண்டு அதை அக்காவிடம் ஒப்பித்திருக்கிறான்.

"கட்டி எங்கியாச்சும் ஆள பயப்பட வெக்குமாடா? கம்பெனில வேர்த்து ஊத்தி அலறுனது கட்டியா? வயித்துல குந்திக்கினு கீறது வேற. கால புடி."

"அண்ணி, வேணாம் அண்ணி! செத்துருவேன்!"

"உன் நல்லதுக்குத்தான் பிரின்சி" என்று அழுதுகொண்டே எட்வர்ட் அவளைப் பாயில் சாய்த்தான். அவள் உதைத்தாள். கடித்தாள். ஹெலனின் விரல் ரத்தம் உப்புக் கரித்தது. பளாரென்று ஓர் அறை. எண்ணெய் வழியும் உள்ளங்கைகள் விலாவுக்குக் கீழே இறங்கின.

அமுக்கின.

உள்ளே என்னவோ உடைத்துக்கொண்டு பாய்ந்தது. நெஞ்சு காதுக்குள் இடித்தது. பல்லுக்குள் இடித்தது. மண்டை பிளந்தது. வேர்வை ஆறாக ஓடியது, உடம்போ சில்லிட்டது. அலறினாள். அது அவள் குரலாகவே இல்லை.

"பாத்தியா, குரல் மாறுது! போமாட்டேன்னு அழுவுது!"

கத்தினால் அமுக்குகிறார்கள். பிரின்சி பல்லைக் கடித்தாள். அசையவில்லை. மூச்சையும் விடவில்லை.

"பதுங்குது! உடாதடா!"

மறுபடியும். கண்ணுக்குள் சிவப்பு. மூக்கிலிருந்து ரத்தம். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை.

"போயிக்கினே கீது எட்வர்ட்! என் கைக்கு வலு பத்தல. நீ வா!"

எட்வர்ட் கண்ணைத் துடைத்தான். குனிந்து, நனைந்த அவள் நெற்றியில் முத்தம் வைத்தான். "அவ்ளோதான் செல்லம், முடிஞ்சிச்சி" என்றான். பிறகு எழுந்து, அவள் வயிற்றில் முழங்காலை ஊன்றி, தன் முழு எடையையும் இறக்கினான்.