பலகை மேல் ஒரு ஊர்

பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, பொம்மை ரயிலின் கன்ட்ரோலர் பெட்டி மேல் வைத்துவிட்டு அவள் திரும்பியபோது ஸ்டேஷன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

விரல் நீளம்கூட இல்லாத கம்பம், அதன் உச்சியில் கடுகளவு பல்பு. பலகையில் துளை போட்டு அதை நட்டது அவள்தான். வாலாகத் தொங்கிய சிவப்பு, கறுப்பு இழைகளை, பலகைக்கு அடியில் ஓடும் இரண்டு பெரிய வயர்களோடு முறுக்கி டேப் சுற்றியதும் அவள்தான். அந்தப் பெரிய வயர்கள் கன்ட்ரோலருக்குப் போகின்றன. கன்ட்ரோலருக்கு இப்போது கரண்ட் கிடையாது. ஆனாலும் விளக்கு மஞ்சளாக, அவசரமே இல்லாமல் எரிந்தது. குனிந்து பார்த்தாள். சூடேறிய பிளாஸ்டிக் வாசனையோடு, பல நாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அந்த வாசனையும் லேசாக வந்தது. பிறகு விளக்கு அணைந்தது. எங்கேயாவது மிச்சம் மீதி கரண்ட் தங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் யோசிக்கப் பொறுமை இல்லை. அன்றைக்கு அவள் ஏற்கெனவே கொதித்துப்போயிருந்தாள்.

கொதிக்கக் காரணம் அந்த ரயில் செட்டேதான். அனுப்பியவன் அவள் புருஷன். ஊரின் மறுகோடியில் வேறொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டவன், மகளின் பிறந்தநாளுக்கு வராமல் தன் தம்பியிடம் ஒரு பெட்டியைக் கொடுத்தனுப்பினான். புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்கான செட். வட்டத் தண்டவாளம், ஒரு எஞ்சின், ரெண்டு பெட்டி. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தனிப் பொட்டலத்தில் விளக்குக் கம்பங்கள், குட்டி வீடுகள், அவற்றுக்குள் வைக்கப் பல்புகள், சிக்னல், லெவல் கிராசிங் கேட். இதையெல்லாம் இணைப்பது யார்? ஒருநாள் வந்து தானே மாட்டித் தருவதாக மகளுக்குச் சொல்லியனுப்பியிருந்தான். ஆரம்பித்து வைப்பதில் அவன் கெட்டிக்காரன். கல்யாணத்தையும் அப்படித்தான் ஆரம்பித்து வைத்தான்.

அவன் வந்து மாட்டிக் கிழிக்க வேண்டாம் என்று அவளே உட்கார்ந்தாள். வயர் தோலை உரிக்கத் தெரியாமல் விரல் நுனியைக் கிழித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சாயங்காலமும், மேல்தட்டைக் கழற்றிவிட்டுப் பலகையைப் போட்ட சாப்பாட்டு மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து முறுக்கினாள்.

அவள் வேலை ஒரு போன் கம்பெனியின் புகார்ப் பிரிவில். நாள் முழுக்க முகம் தெரியாதவர்கள் காதுக்குள் கத்துவார்கள், அவள் பிறப்பு வளர்ப்பையெல்லாம் இழுப்பார்கள். அவளோ குழைந்த குரலில் சிரமத்துக்கு வருந்த வேண்டும். குரல் கொஞ்சம் ஏறினாலும் பின்னாலிருக்கும் சூப்பர்வைசர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்துவிடுவார். அங்கே விழுங்கியதெல்லாம் பஸ்ஸில் வரும்போது தொண்டையில் முள்ளாக நிற்கும். வீட்டுக் கதவைத் திறந்ததும் வெளியே வரும். வாங்கிக்கொள்ள வீட்டில் இருந்தது மகள் மட்டும்தான். மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒல்லிக்குச்சி, சுண்டு என்று கூப்பிடுவார்கள்.

ஒரு சாயங்காலம் புருஷன் போன் செய்தான். விளக்கெல்லாம் மாட்டியாச்சா என்று சாவதானமாக விசாரித்தான். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. மாட்டத் தெரியாத பொம்பளைக்கு மாட்டுற சாமானை அனுப்பிட்டு வேடிக்கை பாக்கறியா என்று ஆரம்பித்தவள் எங்கெங்கோ போய்விட்டாள். அவன் பாதியிலேயே போனை வைத்தான். மூச்சிரைக்க நின்றவளின் முதுகுக்குப் பின்னாலிருந்து சுண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, நீ கத்தினா இவங்க ஊர்ல லைட் எரியுது."

திரும்பினாள். பிளக் தரையில் கிடந்தது. பலகை மேல் ஊர் முழுக்க வெளிச்சம். ஸ்டேஷன், தெரு, அத்தனை வீட்டு ஜன்னல்களும். இன்னும் வயர் இழுக்காத கோடி வீட்டு ஜன்னலும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரைப்பு அடங்க அடங்க, அதுவும் மெல்ல மங்கி இருண்டது.

மகள் தூங்கப் போன பிறகு அவள் சோதித்துப் பார்த்தாள். கன்ட்ரோலரையே கழற்றித் தூக்கிக் குளியலறையில் வைத்தாள். ட்யூப் லைட்டை அணைத்தாள். இருட்டில் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, புருஷன் வீட்டை விட்டுப் போன அன்றைக்கு, துணிமணியை மடித்து வைத்துக்கொண்டே சீழ்க்கையடித்தானே, அதை நினைத்தாள். நெஞ்சுக்குள் சூடு கிளம்பியது. கிளம்பிய அதே வேகத்தில் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக, அடக்கமாக எரியத் தொடங்கின. சிக்னல் சிவப்பானது. கேட் தடக்கென்று இறங்கியது. பயத்தில் அவள் உடம்பு சில்லிட்டது. ஊர் அணைந்தது. அணைந்த பிறகு இருட்டுக்குள்ளிருந்து, பிளாஸ்டிக்கை நகத்தால் பிராண்டுவது போல, பல இடங்களிலிருந்து ஒரே சமயத்தில், மிகச் சின்னதாக ஒரு சத்தம்.

அதற்கப்புறம்தான் சுண்டு மாறினாள். சாதுவான பிள்ளை வேண்டுமென்றே கண்ணாடியைப் போட்டு உடைத்தாள். அம்மாவின் ஆபீஸ் அடையாள அட்டையைக் கழிப்பறைக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் கையைக் கடித்துவிட்டாள் என்று டீச்சரிடமிருந்து போன் வந்த அன்று தாய்க்குக் கண்மண் தெரியவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டாள். விட்ட பிறகுதான் பார்த்தாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நின்ற பிள்ளை அழவில்லை. தாயைப் பார்க்கவும் இல்லை. பளீரென்று எரிகிற ஊரைப் பார்த்து நின்றாள், வேலையை முடித்துவிட்டவளின் நிம்மதியோடு.

"யாருடி உன்ன இப்படியெல்லாம் பண்ணச் சொல்றது?"

"உள்ள இருக்கறவங்க. இருட்டுல அவங்களுக்கு பயமா இருக்காம்மா."

அன்றோடு அவள் கோபத்தை விட்டாள். விட்டாள் என்றால், அதன் கழுத்தில் காலை வைத்து நின்றாள். வீட்டிலும் ஆபீஸ் குரலில் பேசினாள். பால் கொட்டினால் பரவாயில்லை கண்ணு என்றாள். புத்தகத்தைக் கிழித்தால் சிரித்துக்கொண்டே ஒட்டினாள். ஊர் இருண்டே கிடந்தது. பலகையோடு தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாம் என்று கிட்டே போவாள். அதைத் தொட வேண்டுமே என்கிற நினைப்பிலேயே கை பின்வாங்கும். நகத்தின் பிராண்டல் இப்போது சமையலறை வரைக்கும் கேட்டது. சுண்டு சாப்பாட்டை ஒதுக்கினாள். அவள் கை எந்நேரமும் ஈரத்துணி மாதிரி ஜில்லென்று இருந்தது. ஒரே ஒரு தடவை கத்தச் சொல்லிக் கெஞ்சினாள், பசித்தவள் சோறு கேட்கிற மாதிரி.

பிராண்டல் நின்றுபோன சாயங்காலத்தில் அவள் வேலையிலிருந்து வந்தாள். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் அவளைத் துணிய வைத்தது. கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தாள். நிதானமாக, கோபமே இல்லாமல், ஒரு வயர் முறுக்கை நறுக்கினாள். இன்னொன்றை நறுக்கினாள். காய் நறுக்குவது போலத்தான். சுண்டு வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா சொன்னது சரிதான்," என்றாள். "உன்கூட இருந்தா யாருக்குமே வெளிச்சம் இல்லையாம். அதான் போயிட்டாராம்."

அது எட்டு வயதுப் பிள்ளையின் வார்த்தை இல்லை. அவன் வார்த்தைதானா, வேறு யாருடையதாவதா என்று நிறுத்தி யோசிக்க அவளால் முடியவில்லை. கோபத்தின் கழுத்தை மிதித்திருந்த கால் வழுக்கியது. அத்தனை நாள் விழுங்கியது மொத்தமும் ஒன்றாகக் கிளம்பியது. கத்தினாள். கத்திக்கொண்டே நறுக்கினாள். கைக்கு வந்ததையெல்லாம் பிடுங்கினாள். தலைக்கு மேலே பலகையின் துளைகள் வழியாக வெளிச்சம் ஊசி ஊசியாக இறங்கியது. அறுக்க அறுக்கக் கூடியது. பிளேயரின் இரும்பு சுட்டது. மேலே சின்னக் கால்கள் ஓடின. நிறைய கால்கள். எல்லாம் ஒரே பக்கமாக. சுண்டு இருந்த பக்கமாக.

"நா புடிச்சிருக்கேம்மா," என்றாள் சுண்டு.

பெரிய வயர்கள் இரண்டின் அறுந்த முனைகளும் அவள் கைகளில் இருந்தன. சிவப்பு ஒரு கையில். கறுப்பு ஒரு கையில். தோலுரித்த செம்பு உள்ளங்கைக்குள்.

விடுடி என்று அலறிப் பாய்ந்தாள். பிடுங்கி எறிந்தாள். பிள்ளையை வெளியே இழுத்தாள்.

ஊர் அணைந்தது. முழுசாக.

ட்யூப் லைட்டும் அணைந்துவிட்டது. ஜன்னலில் கருக்கல். ஆனால் மகளின் முகம் தெரிந்தது. எப்படித் தெரிகிறது என்று புரிய ஒரு கணம் ஆனது. பிள்ளையின் கண்கள் விளக்காக எரிந்தன. கருவிழி இல்லை. மஞ்சள் மட்டும். குட்டி வீட்டு ஜன்னலுக்குள் எரிகிற அதே மஞ்சள். அதற்குள், வெகு உள்ளே, ஏதோ நெருக்கியடித்து நகர்ந்தது.

பயத்தில் தாயின் கோபமெல்லாம் எங்கோ ஓடிவிட்டது.

மஞ்சள் மங்கியது. பிள்ளையின் தலை தொங்கியது. முழங்கால் மடங்கியது. மார்பு ஏறவில்லை. மூக்கில் விரல் வைத்தாள். மூச்சு இல்லை.

"ஏய், எழுந்திருடி. நடிக்காத. தோலை உரிச்சிடுவேன்."

வெறும் சத்தம். உள்ளே பயம் மட்டும்தான். அதற்கு மஞ்சள் மசியவில்லை. உதடு நீலம் பாரித்தது.

புருஷனை நினைத்தாள். அந்தச் சீழ்க்கையை. நிஜமாக. அடிவயிற்றிலிருந்து திட்டினாள். பிள்ளை வெடுக்கென்று மூச்சிழுத்தாள். கண் எரிந்தது.

நிறுத்தினாள். மங்கியது.

பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, இருட்டில் உட்கார்ந்து, அவள் திட்டினாள். புருஷனைத் திட்டினாள், அவன் தம்பியைத் திட்டினாள். சூப்பர்வைசரை, காதுக்குள் கத்திய அத்தனை பேரையும். ஒவ்வொரு கோபமும் கொஞ்ச நேரம்தான் தாங்கியது. ஒருமுறை எரிந்தது மறுபடி எரியவில்லை. அந்தச் சீழ்க்கையை இரண்டாம் முறை நினைத்தபோது உள்ளே ஒன்றுமே அசையவில்லை. யாரோ எப்போதோ அடித்த சீழ்க்கை. அவ்வளவுதான். செத்துப்போன அம்மாவைத் திட்டினாள். பள்ளிக்கூடத்தில் பென்சில் திருடினவளைத் திட்டினாள். தன்னையே திட்டினாள், அது நன்றாக எரிந்தது, அதுவும் தீர்ந்தது. தொண்டை கிழிந்து குரல் வெறும் காற்றாக வந்தது. நெஞ்சுக்குள் கையை விட்டுத் துழாவுவது போலத் தேடினாள். அங்கே அவளுக்கு யார் மேலும் கோபம் இல்லை. மகளின் மேல் மட்டும் மலை மலையாக ஆசை இருந்தது. அது எதற்கும் உதவவில்லை.

மஞ்சள் ஒரு நூல் இறங்கியது.

பலகை மேலிருந்து, வீட்டைக் காலி செய்து போகிற யாரோ கதவைச் சாத்திக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு இன்னொரு கதவு. இன்னொன்று.

"நிறுத்தாதம்மா," என்றாள் சுண்டு, வாய் அசையாமல்.