டயர் தாங்காது

“வீட்ல எத்தனை பேருங்க?”

“ரெண்டு பேர்தான்.”

“வேற யாரும் வந்து சேர்ற மாதிரி இருக்குதுங்களா?”

டயர்க்கடை லோகேஸ்வரி இப்படிக் கேட்டதும் யோகேஸ்வரனும் அவர் மனைவி சிந்துஜாவும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார். அவள் வெளியே நிறுத்தியிருந்த தங்கள் வீட்டைப் பார்த்தாள்.

நாமக்கல் புறவழிச்சாலை நெடுக வீடுகள்தான் நின்றன. பங்குனி முடிந்தபின் சமவெளியில் இருந்தால் உடம்புக்கு உத்தரவாதமில்லை என்றான காலம் அது. வசதியுள்ளவர்கள் கோடைதோறும் இழுவை வீடுகளோடு கொல்லிமலை ஏறினார்கள். வீட்டின் முன்பாகம் கழுத்தைப்போல நீண்டு, ஓட்டுநரும் இருக்கையும் இல்லாத இழுபொறியின் முதுகில் பூட்டிக்கொள்ளும். மிச்ச வீட்டை நான்கு டயர்கள் தாங்கும். மனிதர்கள் உள்ளே உட்கார்ந்து காப்பி குடித்தபடியே போகலாம்.

போன வருடம் கொண்டை ஊசி வளைவொன்றில், அளவுக்கு மீறி ஏற்றிய வீடு டயர் வெடித்து உருண்டுபோனது. அதிலிருந்து நிறையறி டயர் மாட்டாத வீட்டுக்கு மலையில் அனுமதியில்லை. அந்த டயரின் ரப்பருக்குள் நரம்புபோல இழைகள் ஓடின. வீட்டின் எடை, தன் வலு, சாலையின் சூடு மூன்றையும் கணக்குப் போட்டு, இன்னும் எத்தனை கிலோ தாங்கும் என்பதை டயர் தன் பக்கவாட்டில் பச்சை எண்ணாக எழுதிக் காட்டும். அதற்கு மீதம் என்று பெயர். மீதம் தீர்ந்து எண் சிவப்பானால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

பாதுகாப்பான ஏற்பாடுதான். ஆனால் அந்த எண் தெருவில் போகிறவர்கள் கண்ணிலெல்லாம் பட்டது.

இந்த எண் வருவதற்கு முன்பிருந்தே மலையேறும் குடும்பங்களுக்குள் ஒரு நாகரிகம் இருந்தது. உறவுக்காரர் யாராவது, “நாங்களும் கூட வந்தரட்டுங்களா?” என்றால், “டயர் தாங்காதுங்களே” என்று சொல்லிவிடலாம். சொன்னவருக்குக் குற்ற உணர்ச்சி இல்லை, கேட்டவருக்கு மனத்தாங்கல் இல்லை. பழி முழுக்க ரப்பருக்கு. யோகேஸ்வரனின் அக்கா பவித்ராவுக்கு நான்கு கோடையாக இந்தப் பதில்தான் போய்க்கொண்டிருந்தது.

“பதினாலு ப்ளை கடைசி செட்டு ஒண்ணு இருக்குதுங்க,” என்றாள் லோகேஸ்வரி. “பதினாலு அடுக்கு, கெட்டி டயர். மீதம் எரநூறுக்கு மேல காட்டும். எட்டு ப்ளை போட்டீங்கன்னா இருபது, முப்பது காட்டும்.”

“எதுங்க நல்லது?” என்றார் யோகேஸ்வரன்.

“டயருக்கா, உங்களுக்கா?”

அவர் டயரைத் தட்டிப் பார்த்தார். அவளே தொடர்ந்தாள்.

“எங்கப்பா கடை நடத்துனப்போ தாங்கற டயருக்குக் கிராக்கி. இப்பத் தாங்காத டயருக்குத்தான். எட்டு ப்ளை மாட்டியும் மீதம் நெறையக் காட்டுதுன்னு ஒருத்தரு மணல் மூட்டை வாங்கிச் சாப்பாட்டு மேசைக்கு அடியில போட்டுக்கிட்டாரு. மச்சினன் குடும்பம் வந்துருமோன்னு பயம்.”

யோகேஸ்வரன் சிரித்தார். சிந்துஜா சிரிக்கவில்லை.

“இன்னொன்னுங்க. இது நெழல்ல காட்டற கணக்கு. மத்தியானம் தார் கொதிக்கறப்போ டயர் எளகும், மீதம் கொறையும்.”

“எவ்வளவு கொறையும்?”

“அது ரோட்டுக்குத்தான் தெரியும்.”

சிந்துஜா கணவர் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்குப் பதினாலு எதுக்குங்க?”

“கெட்டி டயர் தூக்கித் தூக்கிப் போடுமாம்.”

“ஆமா. பாத்திரமெல்லாம் உருளும்.”

“அப்ப எட்டே போதும்ங்கற.”

“நான் எங்க சொன்னேன்? நீங்கதான் சொல்றீங்க.”

லோகேஸ்வரி ஜாக்கி எடுக்கப் போய்விட்டாள். இதே பேச்சைக் காலையிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பவித்ரா கெட்டவள் இல்லை. கணவர் இறந்த வருடம் ஒரு கோடை முழுக்க அவர்களோடு மலையில் இருந்தாள். எதையும் குறை சொல்லவில்லை. ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, சத்தமில்லாமல் எழுந்து போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்து போடுவாள். சிந்துஜா மடித்து வைத்த போர்வையைப் பிரித்து மறுபடி மடிப்பாள். சண்டை போட்டிருந்தால்கூடச் சமாதானம் ஆகியிருக்கலாம். அந்தக் கோடையோடு வீட்டின் டயர் தாங்காமல் போனது.

மலையேறுமுன் சொல்லிக்கொண்டு போகிற வழக்கப்படி, மறுநாள் காலை வீடு பரமத்திவேலூர் போய் நின்றது. ஊரின் பழைய கல்யாண மண்டபம் இப்போது குளிர்க்கூடம். மலைக்குப் போக முடியாதவர்கள் கோடை முழுக்க அங்கே வரிசையாகப் பாய் போட்டுக் கிடந்தார்கள். பவித்ரா வாசலுக்கே வந்துவிட்டாள்.

“டாக்டர் என்னடா சொன்னாரு?” என்றுதான் முதலில் கேட்டாள்.

போன கோடையில் மலையிலிருந்து ஒரு வேலையாக இறங்கிய யோகேஸ்வரன் இந்த வேலூர்க் கடைவீதியில் மயங்கி விழுந்தார். மூன்றாம் நாள்தான் கண் விழித்தார்.

“இன்னொருக்கா இந்த வெயில்ல மாட்டுனா அவ்வளவுதான்னு சொல்லிட்டாருக்கா.”

“அப்ப பேசிட்டு நிக்காத, கெளம்பு.” சொல்லிவிட்டு அவளே குனிந்தாள். “இதென்னடா பச்சையா?”

“மீதம்க்கா. இன்னும் எவ்வளவு தாங்கும்னு டயரே காட்டும்.”

“இருபத்தாறா?”

“ஆமாக்கா.”

“நான் அறுவது கிலோ இருப்பனே.” அவள் அந்த எண்ணையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. “அப்ப நெசமாவே டயர்தானாடா?”

யோகேஸ்வரன் செருப்பைப் பார்த்தார்.

“நான் என்னென்னமோ நெனச்சுப்போட்டேன் சாமி. ரசத்துல உப்புப் போட்டனே, அது சிந்துவுக்குப் புடிக்கலையோன்னு. படுத்தா அதே நெனப்பு. கருமம், உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன் பாரு.”

“அப்படியெல்லாம் இல்லீங்க நங்கையா,” என்றாள் சிந்துஜா. கணவரின் அக்காவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

“இல்லைன்னுதான் இப்பத் தெரிஞ்சுபோச்சே கண்ணு.” பவித்ரா சேலைத் தலைப்பால் டயரின் தூசியைத் துடைத்துவிட்டாள். பிறகு உள்ளே போய் ஒரு டப்பா நிறைய முறுக்கு கொண்டுவந்தாள். “ரெண்டு கிலோ இருக்கும். தாங்குமான்னு பாரு.”

டப்பா உள்ளே போனதும் எண் இருபத்துநான்கு ஆனது. அவள் கைகொட்டிச் சிரித்தாள்.

வீடு நகர்ந்த பிறகு சிந்துஜா முறுக்கு டப்பாவை அலமாரிக்குள் தள்ளி வைத்தாள்.

காரவள்ளி அடிவாரத்தை எட்டும்போது உச்சிவெயில். மலைவாசலில் அவர்களுக்குக் கொடுத்திருந்த முறை பிற்பகல் ஒரு மணி. தவறினால் அந்த இடம் அடுத்தவருக்கு, பிறகு ஆவணி வரை காத்திருக்க வேண்டியதுதான். சுவரில் இருந்த சிறு திரையில் மீதம் இறங்கிக்கொண்டே வந்தது. பதினொன்று. மூன்று. பிறகு நிழலே இல்லாத ஒரு மேட்டில் சட்டென்று சிவப்பாகி, நாற்பத்தெட்டு அதிகம் என்றது. சக்கரங்கள் பூட்டிக்கொண்டன.

“தண்ணித் தொட்டியைத் தெறந்து விடுங்க.”

“ஊர்லயே வடிச்சாச்சு. மலையில புடிச்சுக்கலாம்னுதான்.”

அரிசி மூட்டை இறங்கியது. கிரைண்டர் இறங்கியது. மெத்தைகளை இருவருமாக இழுத்துப் புளியமரத்தடியில் போட்டார்கள். இறக்க இறக்கச் சாலை சூடேறிக்கொண்டிருந்தது. இங்கே பத்து கிலோ குறைத்தால் தார் ஏழு கிலோவைத் திரும்ப ஏற்றியது. யோகேஸ்வரனின் உதடு உலர்ந்து வெளுக்க ஆரம்பித்தது. சிந்துஜா அவரைப் பிடித்து உள்ளே தள்ளிக் குளிர்பொறிக்கு எதிரில் உட்கார வைத்துவிட்டு, கடைக்குப் போன் போட்டாள்.

“லோகேஸ்வரி, அந்தப் பதினாலு ப்ளை இருக்குதா? ஆளை விட்டு இங்கயே கொண்டாந்து மாட்ட முடியுமா?”

“அது நேத்தே ஒரு ஐஸ் வண்டிக்காரருக்குப் போயிருச்சுங்களே.”

“வேற எங்கயாச்சும்?”

“யாரும் கேக்கறதில்லைன்னு செய்யறதையே நிறுத்திட்டாங்க. சொல்லிச் செஞ்சாத்தான் உண்டு. ஒரு மாசம் ஆகுமுங்க.”

இப்போது சிவப்பு எண் முப்பத்தொன்பதில் நின்றது. இறக்க இனி பெரிதாக எதுவுமில்லை. ஆட்கள்தான் இருந்தார்கள்.

சிந்துஜா சாலையோரம் போய்க் கைகாட்டினாள். ஒரு வீடு வேகத்தைக் குறைத்தது. ஜன்னலில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

“ஒரே ஒரு ஆள்தானுங்க. ஐம்பத்தேழு கிலோ. மேல செக்போஸ்ட்டுகிட்ட ரோடு சூடிருக்காது, அங்க எங்க வீட்டுக்கு மாறிக்கறேன்.”

“ஐயோ, பாருங்களேன் அக்கா.” அந்தப் பெண் தன் வீட்டு டயரைக் காட்டினாள். பச்சையில் ஒன்பது. “வேணாம்னா சொல்றேன்? டயர் தாங்காதுங்களே.”

குரலில் அத்தனை பரிவு. அவளுக்குப் பின்னால் சாப்பாட்டு மேசைக்குக் கீழே, பூப்போட்ட துணி போர்த்தி, நான்கைந்து மூட்டைகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. துணியின் ஓரத்தில் மணல் சிந்தியிருந்தது. சிந்துஜா அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அந்தப் பெண்ணும் பார்த்தாள்.

“பரவால்லைங்க,” என்றாள் சிந்துஜா. “டயருக்கு நீங்க என்ன பண்ணுவீங்க.”

அடுத்து வந்த வீடுகளில் ஏழு, பதினாறு, நான்கு என்று வந்தது. அதன்பிறகு அவள் கைகாட்டவில்லை.

திரும்பி வந்தபோது யோகேஸ்வரன் வாசற்படியில் ஒரு காலைக் கீழே வைத்திருந்தார். “நான் எறங்கிக்கறேன் புள்ள. நீ வீட்டைக் கொண்டுபோ.”

“எறங்கி? மறுபடியும் கடைவீதியில விழறதுக்கா? நான்தான் எறங்கணும்.”

“அப்பறம் நீ எங்க போவ? வீட்டோட வந்தாத்தானே மேல விடறான். தனியா வர்றதுக்குப் பஸ்ஸுகூட இல்லை.”

“வேலூருக்குப் பஸ் இருக்குதல்ல.”

அவர் அவளையே பார்த்தார். அவள் ஒரு பையில் இரண்டு சேலைகளைத் திணித்தாள். முறுக்கு டப்பாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்துக்கொண்டாள். அவள் கால் தரையில் பட்டதும் டயர் பச்சையானது. இழுபொறி யாரையும் கேட்காமல் நகர்ந்தது. ஜன்னலில் அவர் முகம் முதல் வளைவு வரை தெரிந்தது.

குளிர்க்கூடத்தில் விளக்கேற்றும் நேரம். பவித்ராவுக்கு நம்பவே முடியவில்லை.

“என்ன கண்ணு? தம்பிக்கு என்ன?”

“அவரு மேல போயிட்டாருங்க நங்கையா. நல்லாத்தான் இருக்காரு. டயர்…” சிந்துஜா முறுக்கு டப்பாவைக் கீழே வைத்தாள். “நான் எறங்க வேண்டியதாப்போச்சு.”

“நெனச்சேன். இருபத்தாறெல்லாம் ஒரு கணக்கா? இந்த வெயிலுக்கு அது எந்த மூலைக்கு?” பவித்ரா அவள் கையிலிருந்த பையை வாங்கினாள். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் நெருக்கிப் படுத்திருந்தார்கள். அவள் தன் பாயின் ஓரத்துக்கு நகர்ந்து, சுவரோடு ஒட்டி ஒருக்களித்துப் படுத்துக் காட்டினாள். “இங்க பாரு, எத்தனை இடம். வா.”

சிந்துஜா உட்கார்ந்தாள்.  “நங்கையா, அந்தக் கடையில இன்னொரு டயர்…”

“இருந்திருக்கும். வெலை சாஸ்தி சொல்லியிருப்பான். எனக்குத் தெரியாதா?” பவித்ரா தன் போர்வையைப் பாதிக்குமேல் அவள்மேல் இழுத்துவிட்டாள். “ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. அடுத்த வருசம் எப்படியாச்சும் கொஞ்சம் கெட்டி டயரா மாட்டுங்க. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரையாவது அது தாங்க வேண்டாமா?”