ஒரு சுற்று குறைவு

“செல்லாது!”

ஹென்னிங் எறிந்த பந்தைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தான். யார் இந்தப் பெண்…? சாம்பலும் நீலமும் கலந்த இரண்டு கண்கள். மழைக்கு முன்னால் எல்பே ஆறு இப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தக் கண்களில் இரக்கம் மருந்துக்கும் இல்லை.

“எது செல்லாது?”

“இப்பப் போட்டது. நீங்க முழுசா உட்காரவே இல்லை. இடுப்பு முட்டிக்குக் கீழ போகணும், அப்புறம் எழுந்து சுவர்ல இருக்கிற அந்தக் கோட்டுக்கு மேல எறியணும். ஒன்பதுதான் ஆச்சு.”

“அம்மா தாயே! நான் இந்தக் கட்டடத்துப் புகைபோக்கியைப் பார்க்க வந்தவன்!”

உண்மைதான். கறுப்புச் சட்டை, இரண்டு வரிசைப் பொன்னிறப் பொத்தான்கள், காதோரம் கரி. பார்ம்பெக் பகுதியில் கால்வாய் ஓரம் இருக்கும், இப்போது உடற்பயிற்சிக் கூடமாகிவிட்ட அந்தப் பழைய கிடங்குக்கு அவன் வந்தது வருடாந்தரச் சோதனைக்கு. வந்த இடத்தில், பயிற்சியாளர் டோர்ஸ்டன் “இன்னைக்கு ஒரு ஆள் குறையுது, பத்தே பத்து எறிஞ்சிட்டுப் போயேன்” என்று ஆறு கிலோ பந்தைக் கையில் திணித்துவிட்டார். பத்துதானே என்று இளித்துக்கொண்டு நின்றது இவன் தப்பு.

“அவருக்கு ஏன் ‘நீங்க’ போடறே மரைக்கே? இந்தக் கூரைக்குக் கீழ எல்லாரும் ‘நீ’தான்” என்றார் டோர்ஸ்டன்.

“சரி. நீ இன்னும் ஒண்ணு எறியணும்” என்றாள் மரைக்கே, முகம் மாறாமல்.

எறிந்தான். தரையைத் தொடுகிற அளவுக்கு உட்கார்ந்து எழுந்து எறிந்தான். அவள் உதட்டோரம் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது… சிரிப்பா? சத்தியமாகச் சொல்ல முடியவில்லை.

போகும்போது கூட்டமே வந்து அவன் பொத்தானைத் தொட்டது. புகைபோக்கிக்காரன் பொத்தானைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பது இந்த ஊரில் படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் பொது. மரைக்கே மட்டும் தள்ளி நின்று மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“உனக்கு வேண்டாமா?”

“நான் சுரங்க ரயில் ஓட்டறவ. அதிர்ஷ்டத்தை நம்பி ஓட்டினா வண்டி நிக்க வேண்டிய இடத்துல நிக்காது.”

அடுத்த செவ்வாய்க்கிழமை ஹென்னிங் மறுபடி வந்தான். புகைபோக்கி ஒன்றும் வாரத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்ளாது. அது டோர்ஸ்டனுக்கும் தெரியும், மரைக்கேவுக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை.

நவம்பர் மழை தகரக் கூரையில் கொட்டியது. இரும்பு ஏற்றிய சறுக்குவண்டியைத் தள்ளினார்கள், கயிறு கட்டி இழுத்தார்கள், இரண்டு கையிலும் கெட்டில்பெல் எடைக்குண்டுகளைத் தூக்கிக்கொண்டு கிடங்கின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்குமாக நடந்தார்கள். தினமும் கூரை கூரையாக ஏறி இறங்கும் ஹென்னிங்குக்குக் கால் இருந்தது. மூச்சுதான் இல்லை. மரைக்கேவுக்கு மூச்சு இருந்தது. யாரோடும் சேர்ந்து ஓடும் மனசுதான் இல்லை.

இந்தப் பயிற்சியெல்லாம் பிப்ரவரியில் நடக்கும் போட்டிக்காக, ஓட்டமும் இந்த வேலைகளும் மாறி மாறி வரும். அதில் தனியாக ஓடுகிறவர்களின் இடம் தீர்ந்துபோயிருந்தது. ஜோடிகளுக்குத்தான் இருந்தது. டோர்ஸ்டன் இவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். மரைக்கே வெளியே போய்விட்டாள்.

சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கி நின்றவளிடம் ஹென்னிங் இலவங்கப்பட்டை போட்ட ஒரு பன்னை நீட்டினான்.

“என்கூட ஓட அவ்வளவு பயமா?”

“உன்னைப் பார்த்து இல்லை…” பன்னைப் பிய்த்தாள். தின்னவில்லை. “போன வருஷம் மால்டேகூட ஓடினேன். கல்யாணம் பண்ணிக்கிறதா இருந்தோம். ஜோடின்னா ஓட்டத்தை ரெண்டு பேரும் சேர்ந்தேதான் ஓடணும். மணல் மூட்டைகிட்ட எனக்குக் கால் மடங்கிடுச்சு. அவன் திரும்பிப் பார்த்து, ‘எல்லாம் உன்னாலதான்’னு கத்திட்டு, என்னை விட்டுட்டு ஓடிப் போயிட்டான். அத்தனை ஜனத்துக்கு நடுவுல நான் மூட்டை மேல உட்கார்ந்திருந்தேன். முடிக்கவே இல்லை.”

ஹென்னிங் தன் பன்னை ஒரு கடி கடித்தான்.

“அந்த ஆளு வீடு எங்க இருக்கு?”

“எதுக்கு?”

“என் பகுதியில இருந்தா, அடுத்த தடவை கரியைக் கொஞ்சம் வீட்டுக்குள்ள தள்ளி விடலாம்னுதான்.”

அவள் சிரித்துவிட்டாள். ஐயோ, இந்தச் சிரிப்பை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாள்? ஹென்னிங்குக்குத் தன் பன்னை எங்கே வைத்தோம் என்றே மறந்துபோயிற்று.

“ஒரே ஒரு தடவை, ‘உன்னாலதான்’னு யாரும் சொல்லாம அந்தக் கோட்டைத் தாண்டணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்” என்றாள். பிறகு விரலை நீட்டினாள். “ஆனா எண்ணுறது நான். சுத்து, பந்து, எல்லாம். நீ ஓடினாப் போதும்.”

“உத்தரவு.”

போட்டி நாள். கண்காட்சிக் கூடம் அதிர்ந்தது. எட்டு ஓட்டம், ஒவ்வொன்றும் கூடத்துக்குள் மூன்று சுற்று. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பிறகு ஒரு வேலை. ஒரு மணி இருபது நிமிடத்துக்குள் முடிப்பதாகக் கணக்கு. புறப்படும் முன் ஹென்னிங் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு பொன்னிறப் பொத்தானை எடுத்துக் காட்டினான்.

“தொட்டுக்கோ.”

“உள்ள வை. எனக்கு எண்ணிக்கை தப்பிடும்.”

ஆறு ஓட்டம், ஆறு வேலை… எல்லாம் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது. அவள் சறுக்குவண்டியில் திணறியபோது அவன் தோள் கொடுத்தான். அவன் மூச்சு முட்டியபோது துடுப்பு இயந்திரத்தில் அவள் அமர்ந்தாள். ஏழாவது ஓட்டத்தில்தான் மரைக்கே தடுப்பு வேலியோரம் அந்த முகத்தைப் பார்த்தாள்.

மால்டே. வேறொருத்திக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

நெஞ்சு ஒரு தடவை தடுக்கி விழுந்தது. கால் மட்டும் ஓடியது. எத்தனை சுற்று…? மூன்று. மூன்றுதான். அவள் வேலைகள் நடக்கும் இடத்தின் உள்வாசல் பக்கம் திரும்பினாள்.

“மரைக்கே! இன்னும் ஒரு சுத்து இருக்கு!”

“இல்லை! நான் எண்ணினேன்!”

“இருக்கும்மா…!”

“எண்ணுறது யாரு? நானா நீயா?”

அவள் உள்ளே போய்விட்டாள். ஹென்னிங் வாசலில் ஒரு கணம் நின்றான். ஓடுதளத்தைப் பார்த்தான், அவள் முதுகைப் பார்த்தான். பிறகு அவள் பின்னால் உள்ளே வந்தான்.

மணல் மூட்டையை மாற்றி மாற்றித் தோளில் சுமந்து, முட்டி தரையைத் தொட்டுத் தொட்டு, கடைசிக் கோட்டில் இறக்கியபோது நடுவர் பெண்மணி வந்து நின்றார்.

“ஏழாவது ஓட்டத்துல ஒரு சுற்று குறைவு. அஞ்சு நிமிஷம் தண்டனை, உங்க மொத்த நேரத்தோட சேரும். மீதியை ஓடி முடியுங்க.”

மரைக்கே அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்தாள். அதே கூடம். அதே மூட்டை. இந்தத் தடவை தப்பு நிஜமாகவே அவளுடையது. ஊருக்கெல்லாம் செல்லாது, செல்லாது என்று எண்ணிச் சொன்னவளுக்கு மூன்று வரை எண்ணத் தெரியவில்லை… அவமானத்தில் காது எரிந்தது.

“சொல்லு” என்றாள், தலை நிமிராமல்.

“என்னத்தை?”

“உன்னாலதான்னு.”

“எனக்கு மூச்சே இல்லை. அவ்வளவு பெரிய பேச்செல்லாம் முடியாது.”

“விளையாடாதே ஹென்னிங்! உனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் ஏன் உள்ள வந்தே?”

“நீ உள்ள வந்துட்டியே.”

அவ்வளவுதான் சொன்னான். வியர்வையும் சிவப்புமாக, நியாயம் கேட்க வந்தவன் போல் இல்லாமல், பேருந்துக்குக் காத்திருப்பவன் போல் சாதாரணமாக நின்றான். பிறகு கையை நீட்டினான்.

“எழுந்திரு. இன்னும் ஒரு ஓட்டம் இருக்கு. இந்தத் தடவை ரெண்டு பேரும் சத்தமா எண்ணுவோம்.”

எண்ணினார்கள். “ஒண்ணு!” என்று அவர்கள் கத்திக்கொண்டு போனதில் வேலியோரம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “ரெண்டு!” என்றபோது பத்துப் பேர் சேர்ந்து கத்தினார்கள். மூன்றாவது சுற்றில் மால்டே நின்ற இடத்தைத் தாண்டியதை மரைக்கே கவனிக்கவே இல்லை.

கடைசி வேலை, நூறு பந்து. பத்து அவன், பத்து அவள் என்று மாறி மாறி எறிந்தார்கள். நூறாவது அவள் முறை. தொடை நெருப்பாய் எரிய, பாதி உட்கார்ந்து எறிந்துவிட்டாள்.

“செல்லாது!” என்றார் சுவரோரம் நின்ற நடுவர்.

ஹென்னிங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “வாய் திறக்காதே!” என்று பல்லைக் கடித்தவள், தானும் சிரித்துக்கொண்டே முழுக்க உட்கார்ந்து எழுந்து எறிந்தாள். பந்து கோட்டைத் தாண்டியது. கைகோத்துக்கொண்டு இவர்களும் தாண்டினார்கள்.

ஒரு மணி பதினெட்டு நிமிடம். தண்டனையோடு இருபத்துமூன்று. கணக்கு தப்பிப்போயிற்று. இரண்டு பேரும் தரையில் மல்லாந்து கிடந்தார்கள், எந்தக் கவலையும் இல்லாமல்.

“ஹென்னிங்.”

“ம்.”

“நான் எண்ணினது தப்பு.”

“தெரியும்.”

“நீ மட்டும் அந்தச் சுத்தை ஓடிட்டு வந்திருக்கலாம்.”

“தனியா ஓடிச் சரியா வர்றதுக்கு நான் எதுக்குச் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வந்தேன்?” என்றான் அவன், கூரையைப் பார்த்துக்கொண்டே. “எனக்குப் பந்தும் பிடிக்காது, மூட்டையும் பிடிக்காது. உன்னைத்தான் பிடிக்கும்.”

கூடத்துச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் போய்விட்டது. மரைக்கே மெல்ல எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

“அந்த பட்டனைக் கொடு.”

“நீதான் அதிர்ஷ்டத்தை நம்ப மாட்டியே!”

“இப்பவும் நம்பலை. கொடு.”

வியர்வையில் நனைந்த பொத்தான் அவள் உள்ளங்கையில் விழுந்தது. விரல்களை மூடிக்கொண்டாள். முகம் சிவந்தது. ஓடிய சிவப்பு இல்லை, இது வேறு. குரல் காற்றாக வந்தது.

“எனக்கும்… உன்னை…”

“செல்லாது” என்றான் ஹென்னிங்.

“என்னது?”

“பாதிதான் சொன்னே. முழுசாச் சொல்லணும். நீதானே சொல்லிக்கொடுத்தே?”

அவனை அடிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு குனிந்து, அந்தக் கரி போகாத காதோரம் முழுசாகச் சொன்னாள்.

“எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும், ஹென்னிங்.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“ஒண்ணு” என்றான்.