அதிர்வுண்ணி

முதல் கல் சுவரில் விழுந்ததும் மின்காட்டியின் முள் துள்ளியது. சூடாமணி அதைப் பார்த்தாள். வெளியே கத்திக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியாது.

பொது மின்கம்பிகளை அரசு கழற்றிய ஆண்டில், தூத்துக்குடியில் ஒவ்வொரு வீடும் தனக்கான மின்வழியைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தெரு முழுக்கக் கூரைமேல் வெயிலை மின்சாரமாக்கும் ஒளித்தோல் போர்த்திக்கொண்டது. சூடாமணியின் கணவன் பூபாலன் மட்டும் அதிர்வுண்ணியைக் கேட்டு வாங்கினான். சுவருக்குள் பதித்த தகடுகள். எந்த அதிர்வு வந்தாலும் அதை மின்சாரமாக்கிவிடும். வீட்டுக்குப் பின்னால் இராப்பகலாகச் சரக்கு ரயில் ஓடியதால் குறையே இருக்கவில்லை.

அப்புறம் கடலுக்கு அப்பால் எரிமலை வெடித்து, சாம்பல் வானத்தை மூடியது. ஒளித்தோல்கள் செத்தன. ரயில்களும் நின்றன. சாம்பலில் நெஞ்சடைத்துப் படுத்த பூபாலனை, தகடுகளில் தேங்கியிருந்த சொற்ப மின்சாரத்தில் ஓடிய ஒரு சுவாசப்பொறிதான் பிழைக்க வைத்திருந்தது. பறித்துக்கொள்வார்கள் என்று பயந்து சூடாமணி யாரிடமும் சொல்லவில்லை. பொறியின் சின்ன விளக்கு ஜன்னல் வழியே தெரிந்ததுதான் வினை.

"மின்சாரத்தப் பதுக்கி வச்சிருக்கா. சுவர உடைங்கலே."

எதிர்வீட்டு எட்வினின் குரல். குளிர்பெட்டி நின்று இன்சுலின் கெட்டுப்போனதில் அவன் மனைவி மெர்சி போன வாரம்தான் இறந்திருந்தாள்.

கடப்பாரைகள் இறங்கின. ஜன்னலைத் தாண்டி வந்த கல் சூடாமணியின் புருவத்தைக் கிழித்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்தாள். ஏறிக்கொண்டிருந்தது. பூபாலனின் நெஞ்சு வெகு நாளைக்குப் பிறகு நன்றாக விம்மித் தாழ்ந்தது.

கதவு பிளந்தது. உள்ளே பாய்ந்த ஒருவன் அவள் முடியைப் பிடித்துத் தரையில் மோதினான். பின்னால் வந்த எட்வின் கட்டிலைப் பார்த்துவிட்டுக் கடப்பாரையைத் தாழ்த்தினான்.

"விடுல அவங்கள. யக்கா, அண்ணன் இப்படிக் கெடக்காருன்னு தெரியாதுக்கா."

கூட்டம் அடங்கியது. முள் இறங்கத் தொடங்கியது.

"நிறுத்தாதீங்க. சுவர்ல அடிங்க. நீங்க அடிச்சாத்தான் அவருக்கு மூச்சு," என்றாள் சூடாமணி.

அவர்கள் மறுக்கவில்லை. வெளியே போய் அடித்தார்கள். கோபம் போன கைகளில் வலு இல்லை. முள் அசையவே இல்லை. சாம்பலில் இருமி இருமி ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே பொறி திணறியது.

சூடாமணி வெளியே வந்து சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"எட்வினு, மெர்சி துடிச்சப்போ எங்கிட்ட மின்சாரம் மிச்சம் இருந்துச்சு. குடுக்க மனசில்ல. செத்தா சாகட்டும்னு ஜன்னலச் சாத்திக்கிட்டேன்."

பொய். அன்று இருந்தது பொறிக்கே போதவில்லை; அவளும் அழுதிருந்தாள்.

எட்வின் எழுந்தான். முதல் அடி அவள் காதோரமாகச் சுவரில் இறங்கியது, வீடே குலுங்கியது. உள்ளே பொறி நீளமாக மூச்சிழுப்பது கேட்டது. அடுத்த அடி அவள் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்தது. சுவருக்குப் போக வேண்டியதில் பாதி தன் உடம்பில் வீணாகிவிட்டதே என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.