பின்னறைத் தொட்டி

நான்கு தவளைகளின் தொண்டைகளும் ஒரே சமயத்தில் ஏறி, ஒரே சமயத்தில் இறங்கிக்கொண்டிருந்தன.

ஞானதுரை தண்ணீர் தெளிக்கும் புட்டியைக் கையில் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்று கொய்யாக் கிளையின் கவட்டில் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று கண்ணாடியில் வயிறு தெரிய ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது மணிபிளாண்ட் இலைக்கு அடியில். நான்காவது தண்ணீர்த் தட்டில், பாதி உடம்பு அமிழ. ஒன்றை ஒன்று பார்க்க முடியாத இடங்கள். வாங்கி வந்த நாளில் இருந்து அவற்றின் தொண்டைகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் படபடத்துக்கொண்டுதான் இருந்தன, உலை கொதிக்கும்போது மூடி துடிப்பது போல. இப்போது அந்தப் படபடப்பு இல்லை. நான்கும் சேர்ந்து மெதுவாக உப்பின. சேர்ந்து மெதுவாக வற்றின.

வேடிக்கையாக இருக்கிறது என்று நினைக்க முயன்றான். அதைச் சொல்லி மனைவி பெர்சிஸைக் கூப்பிட வாயைத் திறந்தவன், ஏனோ கூப்பிடவில்லை.

தவளை வளர்க்கும் யோசனை மகள் மகிமாவுக்காக வந்தது. அவளுக்கு மூன்றாவது வயதில் இருந்தே இளைப்பு. அனல்மின் நிலையங்களின் சாம்பலும், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் புகையும் திருவொற்றியூரில் கதவைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும். துடைத்த மேசையில் மாலைக்குள் மறுபடி பெயர் எழுதலாம். முடி உள்ள எந்த விலங்கும் வீட்டுக்குள் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாய்க்குட்டி கேட்டு அழுது, அழுததாலேயே இளைப்பு வந்து, நாலு தலையணையில் சாய்ந்து விடிய விடிய உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, முடியே இல்லாத ஒன்றை வாங்கிக் கொடுக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. கொளத்தூர் மீன் கடைக்காரன் வெளிநாட்டு மரத்தவளைகள் நான்கைக் காட்டினான். பச்சை மெழுகில் பிடித்து வைத்தது போல இருந்தன.

தொட்டியை அவனே செய்தான். ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அவனுக்கு அது ஒரு வேலையே இல்லை. கண்ணாடியை அளந்து வெட்டி சிலிக்கோன் பசை வைத்து ஒட்டினான். மேலே கம்பி வலை மூடி. அடியில் சரளைக்கல், அதன் மேல் தேங்காய் நார்த்தூள். குழாய்த் தண்ணீரின் பிளீச்சிங் வாடை தவளையின் தோலுக்கு ஆகாது என்று மீன் கடைக்காரன் எச்சரித்திருந்ததால், ஒரு வாளித் தண்ணீரை முந்தின நாளே பிடித்துத் திறந்து வைத்து, அதைத்தான் புட்டியில் ஊற்றித் தெளித்தான். வைக்க இடம் பின்னறைதான். வெயில் படாத, எந்நேரமும் கொஞ்சம் ஈரம் கோத்திருக்கும், தரை எப்போதும் காலுக்குக் குளிர்ந்தே இருக்கும் அறை. அங்கே மூலையில், தரையில் இருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு பழைய பிவிசி குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டியின் மேசை சுவரோடு சேராமல் அது இடித்தது. திறந்த குழாயைப் பார்த்தால் அவன் தொழிலில் யாருக்கும் கை சும்மா இருக்காது. கரப்பான் வரும், எலி வரும். தரையோடு அறுத்து, கடையில் இருந்து ஒரு மூடி எடுத்து வந்து, பசை தடவி இறுக்கினான். மேசையை மேலே நகர்த்தினான். கச்சிதமாக உட்கார்ந்தது.

அந்த வாரமே மகிமாவுக்கு இளைப்பு நின்றது.

பெர்சிஸ் அதை ஜெபத்தின் பலன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று புருவத்தை உயர்த்தினார். இளைப்புக்கு வாயில் அடிக்கும் மருந்துப் பம்பு மேசை இழுப்பறைக்குள் போனது. மகிமா பின்னறையில் தொட்டிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்து, முதுகு தரையில் பட மல்லாந்து தூங்கினாள்.

தூக்கம் போனது ஞானதுரைக்குத்தான். இத்தனை வருடங்களாக அவன் மகளின் மூச்சைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கியிருந்தான். அந்த விசில் சத்தம், அந்த இழுப்பு, நடுவில் ஒரு சின்ன விக்கல். அது ஓடிக்கொண்டிருக்கும் வரை பிள்ளை இருக்கிறாள். இப்போது அந்த இடத்தில் ஒன்றுமில்லை. எழுந்துபோய் அவள் மேல் குனிந்தால், மூச்சு இருந்தது. நீளமாக உள்ளே போனது. நின்றது. அவன் எதிர்பார்த்ததற்கு ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தது. தலைக்கு மேலே கண்ணாடிக்குள் நான்கு தொண்டைகள் அதே நேரத்தில் வற்றின.

"அதுங்க எல்லாம் என்கூடத்தான் மூச்சு விடும்" என்றாள் மகிமா ஒருநாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டே.

"நீ அதுங்களப் பாத்து விடுதியா, அதுங்க உன்னயப் பாத்து விடுதா?"

அவள் யோசித்தாள். "ரெண்டும் இல்லப்பா" என்றாள்.

வீட்டுச் சொந்தக்காரி பூவம்மா தண்ணீர் மோட்டாரைப் பார்க்க வந்தவள் தவளை இருக்கிறது என்று கேள்விப்பட்டு உள்ளே வந்தாள். காசிமேட்டில் கருவாடு மொத்த வியாபாரம். அவள் வந்தால் வீட்டில் சிரிப்பும் கூடவே வரும்.

"ஐயே, இன்னா நைனா இது! பொண்ணு நாய்க்குட்டி கேட்டா தவளைய புட்சாந்து குடுத்துகீற. நாளிக்கி கல்யாணத்துக்கு நக கேட்டா ஓணான புட்சாந்து கய்த்துல போடுவியா?"

பெர்சிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். மகிமாவும் சிரித்தாள். ஞானதுரை மகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு விரிந்தது, பல் தெரிந்தது, கண் சுருங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. சிரிக்க மூச்சு வேண்டும்.

பூவம்மா தொட்டியைச் சுற்றிக் குனிந்து பார்த்தாள். "ஆமா, இங்க ஒரு கொயா இருந்துச்சே. அது எங்க?"

"அந்தப் பழைய டிரெய்னேஜ் குழாய்தானக்கா. பூச்சி வருமேன்னு அறுத்து மூடி போட்டுட்டேன்."

"டிரெய்னேஜா? யார் சொன்னா உனுக்கு? அது கெணத்துக் கொயா. இந்த ரூமே கெணத்து மேலதான் கீது. தண்ணில எண்ணெ வந்துகினே இருந்துச்சி. அதுக்கோசரம் எங்க நைனா மண்ணு கொட்டி மூடுனாரு. கெணத்த மூட்னா மூச்சு வுட ஒரு கொயா வெக்கணும். இந்தத் தெருவுல எல்லா வூட்லயும் அப்டித்தான்."

"மூச்சு விட இடம் இல்லன்னா?"

"எனுக்கு இன்னா தெரியும்?" என்றாள் பூவம்மா. "கொயாவ அடச்சவன் எவன் கீறான் இந்தத் தெருவுல, கேக்கறதுக்கு?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மகிமாவின் கன்னத்தைக் கிள்ளினாள். கிள்ளிய விரலை உடனே எடுத்து, புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு மோட்டாரைப் பார்க்காமலே போய்விட்டாள்.

அன்று கடையில் இருந்து வரும்போது பையில் ஒரு ரம்பத் தகடு கொண்டுவந்தான். பெர்சிஸ் அதைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கத எதுக்கு நோண்டுதிய?"

"ரொம்ப மெதுவா மூச்சு விடுதா பெர்சிஸ். நீ கவனிக்கலியா?"

"மெதுவா விட்டா நல்லதுதான? டாக்டரும் மெதுவா விடுன்னுதான சொல்லிக் குடுத்தாரு. பிள்ள இப்பத்தான் முதுகக் கீழ போட்டுத் தூங்குது. அது ஒங்களுக்குப் பொறுக்கலியா?" அவள் குரல் உடைந்தது. "திரும்ப அந்த இழுப்பு வந்தா, ராத்திரி ஆட்டோவுல தூக்கிட்டு ஓடப்போறது நீங்களா, நானா?"

அவனுக்கும் அந்த விசில் சத்தம் திரும்ப வருவதில் பயம் இருந்தது. ஒரு மூடி. ஒரு பழைய கிணறு. இதற்கும் பிள்ளையின் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் அவன் என்ன சொல்வான்? தகட்டைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்தான். அது அங்கேயே கிடந்தது.

மழை பிடித்துக்கொண்டது. அறைக்குள் இருந்த ஈரம் தொட்டியின் ஈரமாக இல்லாமல் வேறொன்றாக மாறிக்கொண்டு வந்தது. சுவரில் உப்புப் பூத்திருந்த இடங்கள் கருத்தன. நார்த்தூளின் மண்வாசனைக்கு அடியில், அதைவிடப் பழைய ஒரு வாடை இருந்தது. வெகு நாள் மூடிக்கிடந்த தண்ணீரும் அதன் மேல் மிதந்த மண்ணெண்ணெயும் கலந்தது போன்ற வாடை. மகளுக்குத் தலை வாரும்போது அவள் வாயில் இருந்து அது வந்தது. தவளைகள் எதையும் தின்பதை நிறுத்தியிருந்தன. போட்ட பூச்சிகள் தொட்டியின் ஒரு மூலையில், ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி, தவளைகளிடம் இருந்து எவ்வளவு விலகி இருக்க முடியுமோ அவ்வளவு விலகி ஒண்டியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருந்து நனைந்து வந்தார்கள். ஈரத்துணிகளைப் பின்னறைக் கொடியில் வரிசையாகக் காயப்போட்டுவிட்டு, சாப்பிட்டு, பெர்சிஸ் முன்னறையில் கண்ணயர்ந்தாள். மின்சாரம் போயிற்று. நடுப்பகல்தான். ஆனாலும் மேகம் இறங்கி, ஜன்னலில் சாணி நிறத்து வெளிச்சமே இருந்தது. மகிமா தொட்டியின் அடியில் பாயில் தூங்கினாள். ஞானதுரை கதவோரம் சம்மணமிட்டு உட்கார்ந்தான். கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் மூச்சை இழுத்தாள்.

தொண்டைகள் உப்பின. நான்கும். காத்திருந்தான். நெடுஞ்சாலையில் ஒரு லாரி நீளமாக ஒலி எழுப்பிக்கொண்டு போனது. அது எண்ணூர்ப் பக்கம் தேய்ந்து மறைந்தது. கும்மிடிப்பூண்டி ரயில் ஒன்று வந்து, ஸ்டேஷனில் நின்று, கிளம்பிப் போனது. மழை வலுத்தது. மழை தணிந்தது.

மூச்சு வெளியே வரவில்லை.

எழுந்தான். தகட்டை எடுத்தான். மேசையைத் தோளால் முட்டித் தள்ளினான். கண்ணாடி நடுங்கியது, தட்டுத் தண்ணீர் தளும்பியது, தவளைகள் அசையவில்லை. மண்டியிட்டு மூடியின் விளிம்பில் தகட்டை வைத்து இழுத்தான். பசை நன்றாகப் பிடித்திருந்தது. நன்றாக ஒட்டுவதில் அவன் எப்போதும் கவனமானவன். விரல் வெட்டுப்பட்டது. இழுத்தான். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. இழுத்தான்.

மூடி கையோடு வந்தது.

அடைபட்ட காற்று முகத்தில் அடிக்கும் என்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். ஒன்றும் அடிக்கவில்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. போனின் விளக்கை உள்ளே அடித்தான். வெளிச்சம் போன தூரம் வரை வெறும் குழாய். உள்ளே ஒரு பழைய சிலந்தி வலை. அதன் ஒற்றை இழைகூட ஆடவில்லை.

உள்ளே எதுவும் இல்லை என்று தோன்றியது. ஒரு கணம், அவ்வளவுதானா என்று அழுகையே வந்தது. பிறகுதான் அந்த நினைப்பின் மறுபக்கம் அவனுக்குப் புரிந்தது.

உள்ளே எதுவும் இல்லை. இருந்தது வேறு வழி பார்த்துக்கொண்டது.

திரும்பினான்.

மகிமா விழித்திருந்தாள். மல்லாந்து, அசையாமல், அவனையே பார்த்துக்கொண்டு. அவளுடைய தாடைக்கு அடியில் தோல் உப்பியிருந்தது. கண்ணாடி போல, நரம்பு தெரிய.

"மகிமா."

மண்டியிட்டபடியே அவளருகே நகர்ந்தான்.

"மக்கா. மூச்சு விடுட்டி. வெளிய விடு."

அவள் வாயைத் திறந்தாள்.

வந்தது. குளிர்ந்து. எண்ணெய் வாடையோடு. ஒரு பிள்ளையின் மூச்சு முடிய வேண்டிய இடத்தில் அது முடியவில்லை. அவள் நெஞ்சு தாழவில்லை. அது வந்துகொண்டே இருந்தது. தொட்டியின் கண்ணாடி வெளிப்புறம் ஆவி படிந்து வெளிறியது. ஜன்னல் கண்ணாடி வெளிறியது. கொடித் துணிகள் அவளை விட்டு விலகி, சுவரோடு போய் ஒட்டின. அவன் கண்ணிமைகளில் ஈரம் கோத்தது. வந்துகொண்டே இருந்தது.

பிறகு நின்றது.

மழையும் நின்றதுபோல இருந்தது. துணிகள் ஒவ்வொன்றாகச் சுவரை விட்டுத் தொங்கின. கண்ணாடிக்குள் நான்கு தொண்டைகளும் ஒட்டிச் சுருங்கிக் கிடந்தன.

"அப்பா" என்றாள் மகிமா. அவளுடைய பழைய குரல். சளி கட்டிய, அவனுக்குத் தெரிந்த குரல். பயந்திருந்தாள். "எதையாச்சும் கெட்டியா பிடிச்சுக்கோப்பா."

கொடியில் அவளுடைய வெள்ளை கவுனின் ஓரம் முதலில் அசைந்தது.

அது அவள் பக்கமாக நிமிர்ந்தது. பிறகு துண்டு. பிறகு அவன் வேட்டி. ஒவ்வொன்றாக எழும்பி, கிடைமட்டமாக, அவள் வாயை நோக்கி நீண்டு நின்றன. வலை மூடி கிலுகிலுத்தது. பூச்சிகள் கண்ணாடியில் மோதி ஒட்டின. சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்ற பெர்சிஸின் முந்தானை தோளில் இருந்து பறந்தது. அவள் கதவு நிலையை இரண்டு கையாலும் பற்றினாள். அவள் கூந்தல் அவிழ்ந்து, முகத்தை மறைத்து, மகளை நோக்கி ஒரே கோடாக நின்றது.

அவள் கத்தினாள். அந்தக் கத்தலும் அங்கேதான் போனது.

மகிமாவின் வாய் திறந்தே இருந்தது. கண்கள் அப்பாவையே பார்த்தன. உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. நிற்கவில்லை.