குழாய்க்குள்ளிருந்து ஒரு 'ஓகே'

அந்த விடுதியின் சலவைக்காரர்களுக்கு 'ஓகே' என்ற ஒரு சொல் இருந்தால் போதும், பொழுது ஓடிவிடும். அம்மா அதைச் சொன்னால், இனிமேல் வாயைத் திறக்காதே என்று பொருள். இஸ்திரி அத்தை இழுத்துச் சொன்னால், இடுப்பு விட்டுப்போச்சு, கொஞ்சம் பொறு என்று பொருள். அப்பா இருமிவிட்டுத்தான் சொல்வார். அதற்கு, மூட்டையைப் போடு என்று பொருள்.

மூன்றாம் மாடிச் சுவரில் ஒரு ஓட்டை. அங்கிருந்து ஒரு அகலமான தகரக் குழாய் தரைக்கடியில் இருந்த சலவைக்கூடத்துக்கு இறங்கும். அழுக்குப் போர்வைகளை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு அம்மா "ஓகேவா?" என்று கத்துவாள். கீழிருந்து "ஓகே" வந்த பிறகுதான் மூட்டையை விடுவாள். ஆளையே அமுக்கிவிடும் கனம் அது.

அன்று மழை இருட்டு. திடீரென்று கரண்ட் போனது. கீழே ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் மூச்சை நிறுத்தின. பள்ளி விட்டு வந்திருந்த மகள் கடுகு, அம்மாவை ஒட்டி நின்றாள். ஆள் சிறிசு என்பதால் எல்லாருக்கும் அவள் கடுகுதான்.

"ஓகேவா?" என்றாள் அம்மா, குழாய்க்குள்.

மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் மெல்ல ஏறி வந்தது.

"ஓ...கே."

கடுகு அம்மாவின் சேலையைப் பற்றினாள். அம்மா மூட்டையைத் தூக்கிக் குழாய் வாயில் வைத்தாள்.

"விடாதம்மா! அது அப்பா இல்ல. இருமவே இல்லையே!"

"இருமலுக்கு இன்னிக்கு லீவு போல. தள்ளுடி."

"அத்தையும் இல்லம்மா. அத்தைக்கு இத்தனை சின்னக் குரலா?"

"பின்ன பேயா உக்காந்து பதில் சொல்லுது?"

அப்போது கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார் அப்பா. கையில் டார்ச்.

"கரண்ட் வர்ற வரைக்கும் கீழ வேலை இல்ல. பூட்டிட்டு வந்துட்டேன்."

அம்மாவின் கை மூட்டையோடு நின்றது. "அப்போ... கீழ யாரு?"

"யாரும் இல்லையே. அத்தையும் சோப்பு வாங்கப் போயிட்டா."

"ஓ...கே," என்றது குழாய். யாரும் கேட்காமலே.

அப்பா ஓரடி பின்னால் போனார். கடுகும் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். ஆனாலும் சொன்னாள்: "யாரா இருந்தாலும் இருட்டுல தனியா இருக்காங்கப்பா. வாங்க, போய்ப் பாக்கலாம்."

அம்மா மூட்டையைத் தரையில் இறக்கினாள்.

கீழே பூட்டைத் திறந்ததும் கடுகு டார்ச்சை வாங்கி அடித்தாள். குழாய்க்கு நேர் கீழே துணித்தொட்டி. அதற்குள் இரண்டு கண்கள் மின்னின.

இஸ்திரி அத்தையின் பாப்பா! குழாயை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நனைந்தபடி அத்தை ஓடிவந்தாள். "பாப்பா துணிக் குவியல்ல தூங்குறா, பாத்துக்கங்கண்ணேன்னு சொன்னேனே! நீங்களும் ஓகேன்னீங்களே!"

அப்பா தலையைச் சொறிந்தார். "மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. கேக்கலைன்னாலும் ஓகேன்னு சொல்லியே பழகிப்போச்சு."

அம்மா குழாயை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். படியில் உட்கார்ந்து, கடுகை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அம்மா "ஓகேவா?" என்று கேட்பதில்லை. "கீழ யாரு?" என்றுதான் கேட்பாள். யாரென்று சொன்னால்தான் மூட்டை இறங்கும்.

எப்போதாவது, "ஓ...கே" என்று பதில் வரும். உடனே கடுகு தடதடவென்று படியிறங்கி ஓடுவாள், பாப்பாவைத் தூக்கி வர.